மீனை ஜாடியில் அடைக்க: எந்த கேனர், எந்த அடுப்பு?

உவரி, கூட்டப்புளி, இடிந்தகரை பக்கம் சாளையும் அயிலையும் சூரையும் மலிவாக விழுகிற நாளில் வாங்கி, கருவாடாக்காமல் கண்ணாடி ஜாடியில் அடைத்து வைக்க நினைக்கிறவர்களுக்கு இந்தக் குறிப்பு. மீன் செதில் எடுக்க, குடல் நீக்க, கழுவ நம்ம ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். கேனர் என்னும் பாத்திரமும் (ஜாடிகளை உள்ளே வைத்து, அழுத்திய நீராவியில் சூடேற்றும் பெரிய பூட்டு மூடிப் பாத்திரம்) அடுப்பும்தான் ஆளைக் குழப்புகிறவை. அவற்றை மட்டும் பார்ப்போம்.

முதலில் ஒரு விஷயத்தில் தெளிவாக இருங்கள். மீனில் புளிப்பு கிடையாது. காற்றில்லாத ஜாடிக்குள் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி வளர்ந்து நஞ்சு விடும். வாடை மாறாது, நிறம் மாறாது, ஆனால் ஆளைக் கொல்லும். அதன் ஸ்போர்கள் (சூட்டைத் தாங்கும் விதை போன்ற உறைகள்) 100 டிகிரி கொதிநீரில் மணிக்கணக்கில் கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும். அதனால் அண்டாவில் தண்ணீர் ஊற்றி ஜாடியை வேகவைக்கிற முறை மீனுக்கு ஆகவே ஆகாது. நீராவியை அழுத்தி 115 டிகிரிக்கு மேலே கொண்டுபோய், அங்கேயே நிறுத்த வேண்டும். அமெரிக்க வேளாண்மைத் துறை சோதித்து வெளியிட்ட அட்டவணைப்படி, பைண்ட் ஜாடிக்கு (ஏறக்குறைய 470 மில்லி) 100 நிமிடம். அரை பைண்டுக்கும் அதே 100 நிமிடம்தான், ஜாடி சிறிதாக இருக்கிறதே என்று குறைக்கக் கூடாது.

பாத்திரம்

வீட்டு குக்கர் போதாதா என்பதுதான் எல்லோருக்கும் வரும் முதல் கேள்வி. அதன் வெயிட்டும் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு அழுத்தத்தில்தான் தூக்குகிறது, பிறகு என்ன குறை? விசில் அடிக்கிற ஒவ்வொரு முறையும் ஆவி மொத்தமாகப் பீறிட்டு அழுத்தம் சரிகிறது. அடுத்த விசில் வரை உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று காட்ட மீட்டர் இல்லை. அழுத்தம் ஏறி இறங்குவதால் ஜாடிக்குள் இருக்கும் சாறும் வெளியே இழுபடும். மேலும் சின்ன பாத்திரம் சட்டென்று சூடாகிச் சட்டென்று ஆறிவிடும். அட்டவணையின் 100 நிமிடமோ, பெரிய கேனர் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறுவதையும் சேர்த்துக் கணக்கிட்டது. ஆகவே குக்கர் வேண்டாம், 22 லிட்டர் ஹோட்டல் குக்கரும் வேண்டாம்.

ஆஸ்பத்திரிகளில் கத்தி, கத்தரிக்கோல் சுத்திகரிக்கும் ஆட்டோகிளேவை சர்ஜிக்கல் கடைகளில் வாங்கிக்கொள்ளலாமே என்றும் கேட்கிறார்கள். மீட்டரும் வால்வும் அதில் உண்டு. ஆனால் மீன் அட்டவணை அதில் சோதித்துப் போட்டதில்லை. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மிச்சம் இருப்பது பிரஷர் கேனர். பிரெஸ்டோ, ஆல் அமெரிக்கன் என்ற இரண்டு கம்பெனிகளைப் பார்ப்போம். பிரெஸ்டோ விலை குறைவு, எடை குறைவு, ரப்பர் கேஸ்கெட் உள்ளது. கேஸ்கெட் இறுகிப்போனால் மாற்ற வேண்டும், வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்பதால் கேனர் வாங்கும்போதே ஒன்று கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆல் அமெரிக்கன் கனத்த வார்ப்பு அலுமினியம், மூடியும் பாத்திரமும் உலோகத்தோடு உலோகம் பொருந்தும், கேஸ்கெட்டே கிடையாது. விலை அதிகம். ரப்பர் உதிரிக்கு அலைய வேண்டியிருக்கும் நம் பக்கத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

டயல் மீட்டரா, வெயிட்டா என்றால் வெயிட். டயல் மீட்டரை ஆண்டுக்கொரு முறை சரிபார்க்க வேண்டும், அதற்கு இங்கே ஆள் தேட வேண்டியிருக்கும். 10 பவுண்டு வெயிட் என்றைக்கும் 10 பவுண்டுதான். சமவெளியில் வெயிட் என்றால் 10, டயல் என்றால் 11 பவுண்டு. பழைய மீட்டரை எடுத்துவிட்டு உள்ளூர் மீட்டர் மாட்டினால் கிலோ கணக்கில் இருக்கும்: 11 பவுண்டு என்பது சதுர சென்டிமீட்டருக்கு 0.77 கிலோ. முள் 1-ஐத் தொட வேண்டும் என்றோ 0.5 போதும் என்றோ குத்துமதிப்பாக வைக்காதீர்கள்.

ஜாடி, இரண்டு துண்டு மூடியுள்ள (மேலே தட்டு, அதைப் பிடிக்கத் திருகு வளையம்) மேசன் ஜாடியாக இருக்கட்டும். ஊறுகாய் பாட்டிலும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் இந்தச் சூட்டுக்குச் செய்தவை இல்லை. அடியில் தட்டு இல்லாமல் ஜாடியை நேராக வைத்தால் உடையும்.

அடுப்பு

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பெரிய பாத்திரமாயிற்றே என்று கல்யாணச் சமையல் அடுப்பைத் தேடிப் போகிறார்கள். அடுப்பு எவ்வளவு பெரிதாக எரியும் என்று பார்க்காதீர்கள், எவ்வளவு சிறிதாக, ஆடாமல் எரியும் என்று பாருங்கள். அழுத்தம் ஏறியபின் மீதி 100 நிமிடமும் சின்னத் தீயில்தான் ஓட வேண்டும். பிரெஸ்டோ நிறுவனமே 12,000 பிடியு-வுக்கு (சுமார் 3.5 கிலோவாட்) மேற்பட்ட கேஸ் அடுப்பில் வைக்காதே என்கிறது. அதிகச் சூட்டில் அடி வளையும், தண்ணீர் வற்றும்.

வீட்டு கேஸ் அடுப்பின் பெரிய பர்னர் போதும். ஆனால் கண்ணாடி மேல்தட்டு அடுப்பில் ஏற்றாதீர்கள். இரண்டு அடுக்காக 16 ஜாடி வைத்துத் தண்ணீரும் ஊற்றினால் 20 கிலோவைத் தாண்டும். எவர்சில்வர் ஒற்றை பர்னர் அடுப்பைத் தாழ்வான திண்ணையில் வைத்து, அதன்மேல் கேனரை வைப்பதே நல்லது. ஏற்றி இறக்கவும் சுலபம். ஆனி ஆடியில் கச்சான் காற்று வீசும்போது வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் திறந்த இடத்தில் சின்னத் தீ நிற்காது. மூன்று பக்கம் தகரம் மறைத்து, ஒரு பக்கம் காற்றுக்கு விடுங்கள். சிலிண்டர் மறைப்புக்கு வெளியே இருக்கட்டும். பாதி வேலையில் கேஸ் தீரக் கூடாது. சந்தேகமிருந்தால் முதலிலேயே சிலிண்டரை மாற்றிவிடுங்கள்.

விறகு அடுப்பு வேண்டாம். பனமட்டை குபீரென்று எரிந்து அடங்கும். உடைமரக் கரி நின்று எரிந்தாலும் நினைத்த நேரத்தில் குறைக்க முடியாது.

மீன் வாங்குவதற்கு முன்னால் வெறும் தண்ணீரில் ஒரு ஓட்டம் விடுங்கள். தட்டைப் போட்டு, 3 லிட்டர் தண்ணீர் ஊற்றி, அழுத்தம் ஏற்றி, அரைமணி நேரம் ஒரே நிலையில் நிறுத்துங்கள். திருகு எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே ஒரு கோடு போட்டு வையுங்கள். சிம்மிலும் அழுத்தம் ஏறிக்கொண்டே போனால், அடுப்பு மெக்கானிக்கிடம் சிம் திருகைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

வெயிட் போடுவதற்கு முந்தைய 10 நிமிடம்

மற்றதெல்லாம் சரியாக இருந்தும் இது தவறினால் வேலை வீண். மூடியைப் பூட்டியதும் வெயிட்டைப் போடக் கூடாது. ஆவிக்குழாயில் ஆவி தொடர்ச்சியாக, வேகமாக வரத் தொடங்கியபின் கடிகாரம் பார்த்து 10 நிமிடம் விடுங்கள். உள்ளே காற்று தங்கினால் மீட்டர் 11 காட்டும், சூடு மட்டும் அதற்கு உரிய அளவுக்கு வராது. வீட்டுக் குக்கரில் ஆவி எட்டிப்பார்த்ததும் வெயிட் போட்டே பழகிய கை, இங்கேயும் அவசரப்படும்.

பிறகு வெயிட். ஆல் அமெரிக்கனில் நிமிடத்துக்கு 1 முதல் 4 தடவை ஆடினால் சரி. பிரெஸ்டோவின் வெயிட் மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும். அழுத்தம் வந்த கணத்திலிருந்து 100 நிமிடம். நடுவில் ஒரே ஒரு முறை அழுத்தம் கீழே இறங்கினாலும், மறுபடி ஏற்றி, கணக்கை முதலிலிருந்து தொடங்குங்கள். 80 நிமிடம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது.

அணைத்தபின் தானாக ஆறட்டும். மேலே தண்ணீர் ஊற்றினால், வெயிட்டைத் தூக்கினால், ஜாடி வெடிக்கும், சாறு வெளியேறும்.

பின்னர் சேர்த்தவை

இண்டக்ஷன் பற்றி: வெறும் அலுமினியக் கேனர் அதில் சூடாகாது. இண்டக்ஷனுக்கென்றே அடித்தட்டு வைத்த மாடல் வேண்டும். சின்ன அளவில் வைத்தால் பல அடுப்புகள் அணைந்து அணைந்து எரியும், அழுத்தமும் கூடவே ஆடும். மின்வெட்டு வந்தால் கணக்கு மறுபடி பூஜ்யம்.

குழம்போடு அடைக்கலாமா: கூடாது. கெட்டியான மசாலாவுக்குள் சூடு போகும் வேகம் வேறு. அட்டவணை வெறும் மீனுக்கும் உப்புக்கும்தான். பச்சை மீன் என்றால் தண்ணீரும் ஊற்றாமல், மேலே ஓர் அங்குலம் காலி விட்டு அடையுங்கள்.

ஐஸ் பற்றி: சூரை, அயிலை, சாளை மூன்றும் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நஞ்சுப்பொருள் ஊறும். கேனரின் சூடும் அதை அழிக்காது. கரையிலிருந்து அடுப்பு வரை மீன் ஐஸில் இருக்க வேண்டும்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் ஜாடியும் பாத்திரமும் வெள்ளை பூக்கும். கேனர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வினிகர் விடுங்கள்.

மாஞ்சோலை, ஊத்து போன்ற இடங்கள் 1000 மீட்டர் உயரத்தைத் தொடுகிறவை. அங்கே 10 பவுண்டு வெயிட் போதாது, 15 போட வேண்டும். நேரம் அதே 100 நிமிடம்.