வருமானம் கூடியதா, ஆட்கள் மாறினார்களா?

பல மொழி, பல இனத்தவர் சேர்ந்து வாழும் ஒரு பகுதி. பத்து வருடத்தில் அங்கே சராசரிக் குடும்ப வருமானம் கூடியிருப்பதாக அட்டவணை சொல்கிறது. உடனே 'இங்கிருப்பவர்கள் முன்னேறிவிட்டார்கள்' என்று எழுதிவிடுகிறோம். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். வாடகை ஏறி, குறைந்த வருமானக்காரர்கள் காலி செய்துகொண்டு போயிருக்கலாம். அந்த வீடுகளுக்கு வசதியானவர்கள் வந்திருக்கலாம். ஒருவருக்கும் சம்பளம் ஒரு காசு கூடாமலே சராசரி ஏறிவிடும்.

நேர் எதிராகவும் நடக்கும். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பழைய குடும்பங்கள் 80, மாத வருமானம் தலா 60 ஆயிரம். புதிதாகக் குடியேறியவை 20, தலா 30 ஆயிரம். சராசரி 54 ஆயிரம். சில வருடம் கழித்துப் பழையவர்கள் 63 ஆயிரமும் புதியவர்கள் 33 ஆயிரமும் வாங்குகிறார்கள். ஆனால் இதற்குள் புதிய குடும்பங்களும் 80 ஆகிவிட்டன. இப்போது சராசரி 48 ஆயிரம்! இரு தரப்புக்கும் வருமானம் கூடியிருக்க, தலைப்பு மட்டும் 'வருமானம் சரிந்தது' என்று வரும். பிரிவுவாரியாகப் பிரித்துப் பார்க்காமல் மொத்தச் சராசரியை நம்பக் கூடாது என்பது இதனால்தான்.

பகுதியைப் பற்றிய எண்ணை ஆளின் தலையில் ஏற்றுவது அடுத்த தவறு. 1950-இல் ராபின்சன் என்ற சமூகவியலாளர் 1930-ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பை வைத்து இதை அழகாகக் காட்டினார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவாக இருந்தது. அப்படியானால் வந்தேறியவர்கள் நன்றாகப் படித்தவர்களா? தனித்தனி ஆட்களாகப் பார்த்தால் அவர்களிடம்தான் எழுத்தறிவின்மை கொஞ்சம் அதிகம். எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களாகப் பார்த்து அவர்கள் குடியேறியிருந்தார்கள், அவ்வளவுதான்.

சில சமயம் ஆட்களும் மாறியிருக்க மாட்டார்கள், கேள்விதான் மாறியிருக்கும். அமெரிக்கக் கணக்கெடுப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்க 2000-இல்தான் முதன்முதலாக இடம் கொடுத்தார்கள். அப்படிக் குறித்தவர்கள் 2010-இல் சுமார் 90 லட்சம், 2020-இல் 3 கோடியே 38 லட்சம். பத்து வருடத்தில் இத்தனை குழந்தைகள் பிறந்துவிடவில்லை. கேள்வியின் வடிவத்தையும் பதில்களைத் தொகுக்கும் முறையையும் மாற்றியது இதற்குப் பெரிய காரணம் என்று கணக்கெடுப்புத் துறையே சொன்னது.

வருமானத்துக்குச் சராசரியைவிட இடைநிலை அளவுதான் (எல்லோரையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் இருப்பவரின் வருமானம்) பொருத்தம், ஏனென்றால் நாலு பெரும் பணக்காரர்கள் சராசரியை இழுத்துவிடுவார்கள். பணவீக்கத்தைக் கழிக்காத ஒப்பீடு வீண். குடும்பத்தின் அளவையும் பார்க்க வேண்டும். மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் வீட்டின் வருமானத்தையும் தனி ஆளின் வருமானத்தையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் கூட்டுக் குடும்பம் பணக்காரக் குடும்பமாகத் தெரியும். மொத்த வருமானத்தை ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுப்பது ஒரு வழக்கமான தீர்வு. 4 பேர் உள்ள வீட்டுக்கு ஒருவரைப் போல இரு மடங்கு இருந்தால் அதே வசதி என்று அர்த்தம்.

அப்புறம் எல்லை. நானே ஒருமுறை ஒரு பகுதியின் மக்கள்தொகை ஏன் திடீரென்று எகிறியது என்று அரைநாள் மண்டையைக் குழப்பிக்கொண்டேன். பக்கத்துக் குடியிருப்பை நடுவில் இதோடு சேர்த்திருந்தார்கள்.

காலமும் அப்படித்தான். சிறிய பகுதிகளுக்கு மாதிரிக் கணக்கெடுப்புகள் பல ஆண்டுத் தரவைச் சேர்த்துத்தான் எண் தருகின்றன. அமெரிக்காவில் 65,000 பேருக்குக் குறைவான பகுதிகளுக்கு வழக்கமாகக் கிடைப்பது ஐந்தாண்டுத் தொகுப்பு. 2015–2019 தொகுப்பையும் 2016–2020 தொகுப்பையும் பக்கத்தில் வைத்து 'ஒரே வருடத்தில் மாற்றம்' என்பார்கள். இரண்டிலும் நான்கு வருடத் தரவு ஒன்றேதான். 2010–2014, 2015–2019 என்று ஒன்றன்மேல் ஒன்று விழாத தொகுப்புகளை எடுத்து, பிழை வரம்பையும் (மாதிரியிலிருந்து கணித்த எண் உண்மையிலிருந்து எவ்வளவு விலகக்கூடும் என்பது) பார்த்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.