முதல் பதில் கேள்வியாக இருக்கட்டும்

வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கான ஆன்லைன் ஆலோசனைக் குழு ஒன்றை 6 வருடமாக நடத்தி வருகிறேன். இப்படி ஒரு குழுவைக் கெடுப்பது தப்பான பதில் என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தேன். அவசரப் பதில்தான் கெடுக்கிறது.

ஒரு நாள் ராத்திரி 11 மணிக்கு ஒருத்தர் எழுதினார்: “அம்மா மாத்திரை சாப்பிட மாட்டேங்கிறாங்க. வாயில போட்டுக்கிட்டு, நான் திரும்பினதும் துப்பிடறாங்க.” கால் மணி நேரத்தில் 17 பதில். கண்டிப்பா இருங்க. ஆள் வைங்க. எங்க மாமியார் இதைவிட மோசம். பொடிச்சு சாப்பாட்டுல கலந்துடுங்க. இந்தக் கடைசி யோசனைக்குத்தான் லைக் குவிந்தது. பதினெட்டாவதாக வந்தவர்தான் கேட்டார்: “எந்த மாத்திரை? விழுங்கும்போது இருமுறாங்களா?” பார்த்தால், மருந்து மெதுவாக வெளியேறும்படி செய்த மாத்திரை அது. பொடித்தால் மணிக்கணக்கில் இறங்க வேண்டியது மொத்தமாக ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும்.

மறுநாளே விதி போட்டேன். முதல் அரை மணி நேரம் கேள்விகள் மட்டும். யோசனை சொல்லக் கை துறுதுறுத்தால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் போடுங்கள். முணுமுணுப்பு வந்தது, இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டேன். உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும் இந்த விதி கிடையாது. அங்கே ஒரே பதில், “உடனே மருத்துவமனைக்குப் போங்க”.

வேகத்துக்குப் பரிசு கொடுக்கிற எந்த இடத்திலும் இந்த வியாதி வரும். புரோகிராமர்கள் கூடும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில், முந்திக்கொண்டு போட்ட பதிலுக்கே ஓட்டு சேர்கிறது என்று பழைய புலம்பல் உண்டு. 2008ல் தொடங்கிய அந்தத் தளம், புதியவர்களுக்கு இங்கே நல்ல வரவேற்பு இல்லை என்று 2018ல் தானே ஒத்துக்கொண்டது. முதல் முறை எழுதுகிறவர் பெயருக்குப் பக்கத்தில் ஓர் அடையாளமும் வைத்தது. நான் அதைக் காப்பியடித்தேன். “புதுசு” என்று தெரிந்தால் பழைய ஆட்கள் குரலைத் தணிக்கிறார்கள். “இதைத்தான் நூறு தடவை பேசியாச்சே” என்பது உண்மையாகவே இருக்கலாம். கேட்கிறவருக்கு இது முதல் தடவை. பழைய பதிலின் லிங்க்கைக் கொடுங்கள், கூடவே அவருக்கென்று இரண்டு வரி எழுதுங்கள்.

அடுத்து, பேச்சு எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வையுங்கள். “எங்க வீட்டுல நடந்தது”, “கேள்விப்பட்டது”, “இது என் தொழில்”: மூன்றில் ஒன்று பதிலின் தலையில் இருக்க வேண்டும். இதைக் கட்டாயமாக்கிய பிறகு “கேள்விப்பட்டது” வகையறா தானாகவே குறைந்தது. அப்படி எழுதக் கூச்சமாக இருக்கும் போல.

தீர்ப்பு சொல்கிறவர்களைத்தான் சமாளிப்பது கஷ்டம். “உங்க அண்ணன் சுயநலவாதி, உறவை வெட்டுங்க.” அண்ணன் தரப்பை நாம் கேட்டதே இல்லை. வெட்டச் சொன்னவர் நாளைக்கு அந்த வீட்டு விசேஷத்துக்குப் போகப் போவதும் இல்லை. இந்த மாதிரிப் பதிலை நீக்குவேன், ஆனால் நாலு பேர் முன்னால் திட்ட மாட்டேன். தனியாக இப்படி ஒரு செய்தி அனுப்புவேன்: “நீங்க சொன்னதுல அக்கறை தெரியுது. அண்ணனைப் பத்தின வரியை எடுத்துட்டு, நீங்க உங்க வீட்டுல எப்படிச் சமாளிச்சீங்கன்னு எழுத முடியுமா?” நிறையப் பேர் திருத்தி எழுதுகிறார்கள், அதுவும் முன்னதைவிட நன்றாக.

உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று யாராவது எழுதினால் அங்கே குழு விவாதம் வேண்டாம். ஒருவர் மட்டும் தனியாகப் பேசி, அந்த எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்டு, உதவி எண்ணையும் பக்கத்தில் இருக்கிற ஒரு மனிதரையும் சேர்த்து வைக்க வேண்டும். யார் அந்த ஒருவர் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள்.

இன்னொரு பழக்கம் உண்டு, அதிகம் பேர் செய்வதில்லை. இரண்டு வாரம் கழித்துக் கேட்டவரிடமே போய், “என்ன ஆச்சு?” என்று விசாரியுங்கள். எந்த யோசனை பலித்தது, எது சொதப்பியது என்று குழுவுக்குத் தெரிய வேறு வழி இல்லை. மாத்திரைக்காரரிடமும் கேட்டேன். மருத்துவர் அதே மருந்தைத் திரவமாக எழுதித் தந்தாராம். அதையும் அம்மா தொடவில்லை. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லக் கேட்டபோதுதான் சொல்லியிருக்கிறார்: மருந்தோடு தண்ணீர் குடித்தால் ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்திருக்க வேண்டும், இருட்டில் விழுந்துவிடுவேனோ என்று பயம். வழியில் ஒரு சின்ன விளக்கு மாட்டினார்கள். 17 பேரில் ஒருவரும் விளக்கைச் சொல்லவில்லை, நானும்தான்.