மூன்று பேர், ஆறு சர்வீஸ்

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டிக்குக் கணக்கு மென்பொருள் எழுதினோம். நாங்கள் மூன்று பேர். எடை, பில், முன்பணம், கமிஷன், லாரி, எஸ்எம்எஸ் என்று ஆறு மைக்ரோசர்வீஸ், அதாவது தனித்தனியாக ஓடி ஒன்றையொன்று அழைக்கும் சின்ன நிரல்கள். ஒவ்வொன்றுக்கும் தனி டேட்டாபேஸ். நெட்ஃபிளிக்ஸ் அப்படிச் செய்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் எங்களிடம் இல்லை. முதல் தவறு அதுதான்.

பெங்களூரா ரக மாங்காய் வரத்து ஏறியதும் வினை தொடங்கியது. ஒரு விவசாயியின் லோடு எடை பதிவாகி, பில்லும் விழுந்தது. முன்பணத்தைக் கழிக்கப் போன அழைப்புக்குப் பதில் வரவில்லை. சிஸ்டம் மறுபடி அனுப்பியது. முதல் அழைப்பும் போய்ச் சேர்ந்துதான் இருந்தது. முன்பணம் இரண்டு முறை கழிந்தது. "தம்பி, நான் வாங்கினதே ஒரு தடவைதானே?" என்று பில்லை நீட்டினார் அவர்.

ஒரே டேட்டாபேஸ் என்றால் மூன்று பதிவும் ஒரே டிரான்சாக்‌ஷனில் அடங்கும்: ஏறினால் எல்லாம் ஏறும், இல்லையென்றால் எதுவும் ஏறாது. பிரித்தால் அந்த வசதி போய்விடும். பாதியில் நின்றதைத் திருப்புவதும், ஒரே கோரிக்கை இரண்டு முறை வந்தால் அடையாளம் கண்டு ஒதுக்குவதும் நம் தலையில்.

அப்புறம் இன்னொரு கோளாறு செய்தோம். சர்வீஸ்களை அப்படியே விட்டு, டேட்டாபேஸை மட்டும் ஒன்றாக்கினோம். அதன் அட்டவணையில் ஒரு நெடுவரிசையின் (column) பெயரை மாற்றினால் நான்கு சர்வீஸ் படுத்துவிடும். இரண்டு முறைகளின் தொல்லையும் சேர்ந்து கிடைத்தது.

மென்பொருள் வடிவமைப்பு முறைகளை ஒப்பிடும்போதே பலரும் சறுக்குவார்கள். திரை, கணக்கு விதி, டேட்டாபேஸ் என்று அடுக்கடுக்காகப் பிரிக்கும் அடுக்கு முறை, கணக்கு விதிகளை நடுவில் வைத்து மற்றதை வெளியே நிறுத்தும் அலிஸ்டர் கோபர்னின் ஹெக்ஸகனல் முறை இரண்டும் நிரலை உள்ளே எப்படி ஒழுங்குபடுத்துவது என்பதைப் பேசுபவை. மைக்ரோசர்வீஸ் பேசுவது எதை எதைத் தனித்தனியாக வெளியிடுவது என்பதை. இவற்றை ஒரே அட்டவணையில் போட்டு எது சிறந்தது என்று கேட்டால் பதில் வராது. மோனோலித், அதாவது எல்லாம் ஒரே நிரலாக ஓடுவது, என்றாலே குப்பை என்பதும் சரியில்லை; உள்ளே மாட்யூல் (பகுதி) எல்லைகளை ஒழுங்காக வைத்தால் போதும். 2023இல் பிரைம் வீடியோவின் ஒரு குழு தரக் கண்காணிப்புக் கருவியை ஒரே செயலியாக மாற்றி 90 சதவீதத்துக்கு மேல் செலவைக் குறைத்தது. மாறியது அந்தக் கருவி மட்டும்தான், மொத்த பிரைம் வீடியோவும் இல்லை.

மென்பொருளின் வடிவம் அதை எழுதும் குழுவின் பேச்சுத் தொடர்பைப் போலவே அமையும் என்றார் கணினி அறிஞர் மெல்வின் கான்வே, 1968இல். நாங்களோ ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தோம்; ஆறாகப் பிரிக்க அவசியமே இல்லை.

ஐந்தை ஒன்றாக்கினோம். எஸ்எம்எஸ் மட்டும் தனியாகவே ஓடுகிறது. அது பத்து நிமிடம் தாமதமானாலும் யார் கணக்கும் கெடாது.