அணியில் விடுபட்ட எண்: வகுப்பதற்கு முன்பே வழிந்துவிடும் பெருக்கல்

1 முதல் ந வரையுள்ள முழு எண்களில் ஒன்று மட்டும் விடுபட்டு, மற்றவை முன்பின்னாக ஓர் அணியில் தரப்பட்டுள்ளன; விடுபட்டது எது என்பதே கணக்கு. வரிசைப்படுத்தியும் விடை காணலாம் என்றாலும், ஒருமுறை கூட்டினாலே தீரும் வேலைக்கு அது வீண் உழைப்பு என்பேன்.

முதலில் தாளில் செய்து பாருங்கள். அணி 4, 1, 5, 2 என்று கொள்வோம். உறுப்புகள் நான்கு, விடுபட்டது ஒன்று; ஆகவே ந = 5. இருக்க வேண்டிய கூட்டுத்தொகை ந × (ந + 1) ÷ 2, அதாவது 15. இருப்பது 12. கழித்தால் 3.

நிரலில் இதற்கு, உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்டும் ஒரு லூப்பும் இரண்டு மாறிகளும் போதும். ஆனால் நான் ஜாவாவில் எழுதியபோது, சிறிய அணிகளுக்கெல்லாம் சரியாக வந்த விடை, ந = 46341 ஆனவுடன் தவறியது. 7 விடுபட்ட அணிக்கு −2147483641 என்று வந்தது. ஜாவாவில் முழு எண்களுக்கு வழக்கமாகப் பயன்படும் இன்ட் வகையில் அடங்கும் மிகப் பெரிய எண் 2147483647. உண்மையான கூட்டுத்தொகையான 1073767311 அதற்குள் தாராளமாக அடங்கும் என்பதால், பிழையை லூப்புக்குள் தேடிக்கொண்டிருந்தேன். வழிந்ததோ, அதாவது அந்த எல்லையைத் தாண்டியதோ, இரண்டால் வகுப்பதற்கு முன் வரும் 46341 × 46342 என்ற பெருக்கல்: 2147534622.

விடையைத் தாங்கும் மாறியை, இன்ட்டைவிடப் பெரிய எண்கள் அடங்கும் லாங் வகை ஆக்கினேன். அப்போதும் அதே எண்தான் வந்தது. வலப்பக்கத்தில் இரண்டும் இன்ட் ஆக இருக்கும்வரை பெருக்கல் இன்ட் ஆகவே நடந்து, கெட்டுப்போன மதிப்புதான் லாங் மாறிக்குள் வந்து சேர்கிறது. எனவே சூத்திரத்திலுள்ள 1-ஐ ஒட்டி எல் (L) என்ற எழுத்தைச் சேர்த்து, அந்த எண்ணையே லாங் ஆக்குங்கள். பெருக்கல் முழுவதும் லாங் வகைக்கு மாறிவிடும். லூப்பில் கூட்டும் மாறியையும் லாங் என்றே அறிவியுங்கள், ஏனெனில் ந = 65536 ஆகும்போது கூட்டுத்தொகையே இன்ட் எல்லையைத் தாண்டக்கூடும்.

பைத்தானில் முழு எண்களுக்கு இத்தகைய எல்லை இல்லை. ஆகையால் முறை சரிதானா என்று பார்க்க முதலில் பைத்தானில் எழுதுவதையே நான் விரும்புகிறேன். அங்கே சரியாகி ஜாவாவில் தவறினால், சந்தேகப்பட வேண்டியது எண்ணின் வகையைத்தான்.

பின்னர் சேர்த்தது: எண்கள் 0-இல் தொடங்கினாலும் சூத்திரம் மாறாது, ஆனால் ந மாறும். 1-இல் தொடங்கும் அணிக்கு ந என்பது நீளத்துடன் ஒன்று கூட்டியது. 0-இல் தொடங்கினால் நீளமே ந. 3, 0, 1 என்ற அணிக்கு ந = 3, இருக்க வேண்டியது 6, இருப்பது 4, விடுபட்டது 2.