செத்த காலேஜும் நூல் கட்டிய பேனாவும்: அருங்காட்சியகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பழைய மெட்ராஸ்காரர்கள் வைத்த பெயர் ‘செத்த காலேஜ்’. மிருகக்காட்சிசாலை ‘உயிர் காலேஜ்’. எந்தப் பதிவேட்டிலும் யாரும் இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பார்வையாளர் கருத்து என்றால் இதுதான்.

1851இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபருக்கு இது விளங்கியிருந்தது. உயிருள்ள விலங்குகளை வளாகத்தில் வைத்ததும் கூட்டம் கூடியதைக் கவனித்தார். 1855இல் அங்கேயே மிருகக்காட்சிசாலை உருவானது. இன்றைய வண்டலூர் பூங்கா அதன் வழிவந்ததுதான். கால்கள் எங்கே போகின்றன என்று பார்த்ததில் கிடைத்த பதில் அது.

பல அருங்காட்சியகங்கள் இன்று செய்யும் முதல் தவறு, வாசலில் நூல் கட்டிய பேனாவோடு கிடக்கும் பதிவேட்டையே மக்கள் கருத்து என்று நம்புவது. பள்ளிச் சுற்றுலா வந்தால் ஆசிரியர் ‘மிக நன்று, மாணவர்களுக்குப் பயனுள்ளது’ என்று எழுதுவார். பின்னால் வரிசையில் நிற்கும் நாற்பது பேரிடம் யாரும் பேனாவைக் கொடுப்பதில்லை. நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். ஊர் பெயர் வேண்டாம். ‘தொடாதே’ என்ற பலகையும், தண்ணீர்க் குழாயைத் தேடி அலைந்ததும் மட்டுமே இன்று நினைவில் இருக்கின்றன. அன்றைய வருகைக் கணக்கில் மட்டும் நாற்பது தலைகள் ஏறியிருக்கும்.

பணம் செலவில்லாத மாற்று ஒன்று உண்டு. ஊழியர் ஒருவர் ஒரு மணி நேரம் ஓரமாக நின்று பார்த்தால் போதும். பிள்ளைகள் எந்தப் பேழை முன் நிற்கிறார்கள், எங்கே ஒருவரையொருவர் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள், எங்கே தரையில் உட்கார்ந்துவிடுகிறார்கள்? பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916இலேயே இந்த வழியில் போனார். பேழைகளைப் பார்க்க ஒருவர் குனிந்து, வளைந்து, எட்டிப் பார்க்கும் கோலங்களை வரிசையாகப் படம்பிடித்து வெளியிட்டார். களைப்புக்குக் காரணம் பேழைகளை வைத்த விதம் என்பது படத்திலேயே தெரிந்தது. நம்மிடம் அதற்குப் பெயர் ‘இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஆர்வம் இல்லை’.

அடுத்தது விளக்கப் பலகை. கீழடிப் பானை ஓடுகளில் ‘ஆதன்’ போன்ற பெயர்கள் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. ‘எழுத்துப் பொறிப்புள்ள பானை ஓடு’ என்று மட்டும் எழுதி வைத்தால் பதினைந்து வயதுப் பிள்ளை நிற்காது. ‘உங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் யார் பெயர் வெட்டியிருக்கிறது?’ என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். அறிஞர்களுக்கான விவரத்தைக் கீழே சிறிய எழுத்தில் தந்தால் யாருக்கும் நட்டமில்லை.

இளைஞர் என்றதும் தொடுதிரை வாங்குவதும் ஒரு தவறுதான். பழுது பார்க்கப் பணம் ஒதுக்காத திரை ஆறே மாதத்தில் கறுப்புக் கண்ணாடி.

எல்லாம் கட்டி முடித்துத் திறப்பு விழாவுக்குப் பிறகு ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்பது இன்னொரு தவறு. அதற்குப் பிறகு எதை மாற்ற முடியும்? லண்டன் பெத்னல் கிரீனில் இருந்த குழந்தைப்பருவ அருங்காட்சியகம் 2023இல் ‘யங் வி அண்ட் ஏ’ என்று மீண்டும் திறப்பதற்கு முன், வடிவமைக்கும்போதே பிள்ளைகளை உட்காரவைத்துக் கேட்டார்கள். மறு ஆண்டே பிரிட்டனின் சிறந்த அருங்காட்சியகத்துக்கான ஆர்ட் ஃபண்ட் பரிசு அதற்குக் கிடைத்தது. பிரிட்டனின் டேட் கலைக்கூடம், இளைஞர்களைத் தடுப்பது நுழைவுக் காசு என்று பார்த்தது: 2018இல் 16 முதல் 25 வயதுக்காரர்களுக்குச் சிறப்புக் கண்காட்சிகளை 5 பவுண்டுக்குத் திறந்துவிட்டது.

கடைசித் தவறு, கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் இருப்பது. எல்லாக் கோரிக்கையையும் நிறைவேற்ற முடியாது, சரி. ‘சிலையை ஏன் தொடக் கூடாது?’ என்று ஒரு பையன் கேட்டால், கைவியர்வையும் ஈரமும் வெண்கலத்தை எப்படி அரிக்கின்றன என்று சொல்லலாமே. எழும்பூரில் இதற்கென்றே 1930இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கினார்கள். களிம்பு ஏறிய ஒரு துண்டையும் சுத்தம் செய்த ஒரு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்தப் பையனின் கேள்வியையே மேலே தலைப்பாக எழுதலாம்.