ரொறன்ரோ மச்சான் வைரக் கம்பனியில் பங்கு வாங்கச் சொன்னால்

கனடா வடக்கில் வைரம் தேடுகிற ஒரு சின்னக் கம்பனி, பங்கு சில சதத்துக்குப் போகிறது, காணி விற்ற காசில் கொஞ்சம் போடுவோமா என்று மச்சான் வட்ஸ்அப்பில் கேட்டால் உடனே ஓம் சொல்லாதீர்கள். கம்பனியின் அறிக்கையை அனுப்பச் சொல்லி, தேடல் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

முதல் கட்டம் மண். வைரம் கிம்பர்லைட் என்ற எரிமலைப் பாறையில் இருக்கும். பழைய காலத்துப் பனியாறுகள் அந்தப் பாறையை அரைத்து, அதிலிருந்த சிவப்புப் பைரோப் கார்னெட், பச்சைக் குரோம் டயொப்சைட், கறுப்பு இல்மனைட் மணிகளை வழிநெடுகச் சிந்திவிட்டுப் போயின. லான்ட்மாஸ்டர் பெட்டியில் கிழிந்த மூட்டையோடு நெல் கொண்டுபோனால் ரோட்டெல்லாம் சிந்துமல்லவா, அதைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தால் ஓரிடத்தில் நெல் நின்றுவிடும், மூட்டை கிழிந்தது அங்கேதான். சக் ஃபிப்கி, ஸ்டூவர்ட் புளூசன் என்ற இரண்டு புவியியலாளர்கள் வருடக்கணக்கில் இப்படியே கிழக்கு நோக்கிப் போய், 1991இல் கனடா வடக்கில் லாக் டி கிரா ஏரிப் பக்கம் வைரத்தைக் கண்டார்கள். 1998இல் திறந்த எகாட்டி சுரங்கம் அப்படி வந்ததுதான். ஆனால் கார்னெட் கிடைத்தது என்பதோடு அறிக்கை நின்றால், ரோட்டில் நெல்லைக் கண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். எங்கள் புல்மோட்டை மணலிலும்தான் இல்மனைட் இருக்கிறது. கிம்பர்லைட் இல்மனைட்டில் மக்னீசியம் அதிகம், அது வேறு சாதி.

அடுத்தது துளை. கிம்பர்லைட் சுற்றியுள்ள கருங்கல்லைவிட மென்மை, பனியாறு அதைக் கிண்டிய பள்ளங்கள் பல இன்று ஏரிகள், அதனால் மாரியில் ஏரி உறைந்த பிறகு ஐஸ் மேலேயே இயந்திரத்தை நிறுத்தித் துளைப்பார்கள். கிம்பர்லைட் தட்டுப்பட்டது என்ற செய்தி வந்ததும் பங்கு விலை துள்ளும். மச்சான் கோல் எடுப்பதும் அநேகமாக அன்றைக்குத்தான். உலகில் கண்டறிந்த ஆயிரக்கணக்கான கிம்பர்லைட்டுகளில் சுரங்கமானவை நூற்றுக்கு ஒன்று அளவில்தான் என்பதை அப்போது அவருக்குச் சொல்லுங்கள்.

மூன்றாவது, டன் கணக்கில் எடுக்கிற பெரிய மாதிரி. ஒரு டன்னில் எத்தனை கரட், ஒரு கரட் என்ன விலை, இரண்டும் வேண்டும். நுண்வைரம் இத்தனை என்று மட்டும் எழுதியிருந்தால் காசு வங்கியிலேயே கிடக்கட்டும்.

சரி, இது எல்லாம் இருக்கிறது என்றே வையுங்கள். அப்புறம் பாதை. யெலோநைஃப் நகரப் பக்கமிருந்து அந்தச் சுரங்கங்களுக்கு உறைந்த ஏரிகள் மேல் போடுகிற ஐஸ் ரோட்டு வருடத்தில் ஏறத்தாழ இரண்டு மாதம்தான் திறந்திருக்கும். வருடத்துக்கு வேண்டிய டீசல், சீமெந்து, டயர் எல்லாம் அதற்குள் போய்விட வேண்டும், தவறினால் விமானம்தான். ஏ9 வீதி பூட்டியிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் சாமான் என்ன விலை விற்றது என்று எங்களுக்குத் தெரியாதா? டி பியர்ஸ் மாதிரிப் பெரிய கம்பனியே 2008இல் திறந்த ஸ்னாப் லேக் சுரங்கத்தை 2015இல் நிறுத்திவிட்டது.

ஆகவே மச்சானிடம் கடைசியாக ஒன்று கேளுங்கள்: அங்கே டீசல் எப்படிப் போகும்? "அதெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்றால், முதலில் அவருடைய காசைப் போடச் சொல்லுங்கள்.