மெஷ் முறையில் ஒரு சர்க்யூட்டைத் தீர்ப்போம்

தாளில் ஒட்டினாற்போல இரண்டு கட்டங்கள் வரையுங்கள். இடது ஓரத்தில் 12 வோல்ட் பேட்டரி, வலது ஓரத்தில் 10 வோல்ட் பேட்டரி. இரண்டுக்கும் பிளஸ் முனை மேலே. மேல் விளிம்பில் இடப்பக்கம் 3 ஓம் ரெசிஸ்டர், வலப்பக்கம் 4 ஓம் ரெசிஸ்டர். இரண்டு கட்டத்துக்கும் பொதுவான நடுக்கம்பியில் 2 ஓம். அந்த 2 ஓமில் எவ்வளவு மின்னோட்டம்?

உள்ளே இன்னொரு கட்டம் இல்லாத மூடிய பாதைதான் மெஷ். இங்கே இரண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் கடிகார முள் சுற்றும் திசையில் அம்புக்குறி போடுங்கள்: ஐ₁, ஐ₂. நிஜத்தில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று இப்போது யோசிக்கவே வேண்டாம். போட்ட அம்பை மட்டும் நடுவில் மாற்றாதீர்கள்.

அடுத்து, கிர்ச்சாஃப் 1845இல், மாணவராக இருந்தபோதே வகுத்த வோல்டேஜ் விதி: ஒரு சுற்று முழுதாக வந்தால் வோல்டேஜின் ஏற்றமும் இறக்கமும் சரியாகிவிடும். ஒரு ரெசிஸ்டரில் இறக்கம் என்பது அதன் ஓம் மதிப்பை மின்னோட்டத்தால் பெருக்கினால் வருவது.

இடது மெஷ்: 3ஐ₁ + 2(ஐ₁ − ஐ₂) = 12

அந்த அடைப்புக்குறியில்தான் பலரும் சறுக்குவார்கள். நடுக்கம்பியில் ஐ₁ கீழே இறங்குகிறது, ஐ₂ மேலே ஏறுகிறது. அதனால் கழிக்கிறோம். வலது மெஷ்ஷுக்கு வரும்போது நாம் ஐ₂ கூடவே நடக்கிறோம், எனவே அது முன்னால் வரும். 10 வோல்ட் பேட்டரிக்குள் பிளஸ்ஸில் நுழைவதால் அதுவும் இறக்கம்தான்.

வலது மெஷ்: 2(ஐ₂ − ஐ₁) + 4ஐ₂ + 10 = 0

சுருக்கினால்:
5ஐ₁ − 2ஐ₂ = 12
−2ஐ₁ + 6ஐ₂ = −10

இரண்டாவதை 2ஆல் வகுத்தால் ஐ₁ = 3ஐ₂ + 5. முதல் சமன்பாட்டில் போட்டால் 13ஐ₂ = −13. ஆக ஐ₂ = −1 ஆம்பியர், ஐ₁ = 2 ஆம்பியர்.

மைனஸைப் பார்த்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட்ட காலம் எனக்கும் உண்டு. தப்பே இல்லை. ஐ₂ நம் அம்புக்கு எதிராக ஓடுகிறது, அவ்வளவுதான். நடுக்கம்பியில் 2 − (−1) = 3 ஆம்பியர், கீழ்நோக்கி. இரண்டு பேட்டரியும் சேர்ந்து அதற்கு ஊட்டுகின்றன.

சரிபார்க்க பவரைக் கூட்டிப் பாருங்கள். பேட்டரிகள் தருவது 24 + 10 = 34 வாட். ரெசிஸ்டர்களில் செலவாவது 12 + 4 + 18. அதுவும் 34.

கம்பிகள் ஒன்றையொன்று தாண்டாமல் வரைய முடியாத சர்க்யூட் என்றால் இந்த முறை உதவாது. அங்கே, கம்பிகள் சேரும் புள்ளிகளின் வோல்டேஜை வைத்துக் கணக்கிடும் நோடல் முறைக்குப் போக வேண்டும்.